நாஸ் பெட்டியில் இரண்டு வன்தட்டுகள் வெளியேறிவிட்டன: முதியவர்களின் குரல்பதிவுகளை மீட்க வழி உண்டா?

கேள்வி: உவர்மலை, திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஆசிரியை. கணினி என் தொழில் அல்ல. நண்பர்கள் சிலருடன் சேர்ந்து எட்டு ஆண்டுகளாகத் திருகோணமலை மாவட்டத்து முதியவர்களின் நினைவுகளைக் குரல்பதிவு செய்து வருகிறேன். தம்பலகாமத்து வயல்வேலைப் பாடல்கள், மூதூர் மீனவர்கள் வலைத்தொழிலில் வழங்கும் சொற்கள், 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னவை, அவர்களுடைய வீடுகளில் எஞ்சியிருந்த பழைய ஒளிப்படங்களின் ஸ்கேன் பிரதிகள் என ஏறத்தாழ 2.6 டெராபைட் சேர்ந்திருக்கிறது. பேசியவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை.

இவை அனைத்தும் நான்கு வன்தட்டுகள் கொண்ட ஒரு நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருந்தன. ஒவ்வொரு தட்டும் 4 டெராபைட். நான்கும், ஒரு தட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பகிர்ந்து எழுதும் ரெய்ட் 5 முறையில் இணைக்கப்பட்டிருந்தன. ஆறு கிழமைகளுக்கு முன்னர் இரண்டாவது தட்டின் விளக்கு சிவப்பாக மாறியது. கோப்புகள் வழக்கம்போலத் திறந்தபடியால், புதிய தட்டு வாங்கும்வரை பொறுக்கலாம் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு. கடந்த வெள்ளி இரவு மழையுடன் மின்சாரம் மூன்று தடவை போய்வந்தது. மறுநாள் காலையில் நான்காவது தட்டின் விளக்கும் சிவப்பாக இருந்தது. சேமிப்புத் தொகுதி செயலிழந்துவிட்டது என்ற அறிவிப்பைத் தவிர வேறெதுவும் திரையில் இல்லை.

விசாரித்த கடையில், இரண்டு புதிய தட்டுகளைப் போட்டுப் பெட்டி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ‘ஆம்’ என்று கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டியை அணைத்து, மின்கம்பியையும் கழற்றி வைத்திருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுப் பதிவுகளுக்கு மட்டுமே வேறிடத்தில் பிரதி உண்டு. மீதியை மீட்க முடியுமா? முதலில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: கிண்ணியா

ரீச்சர், பெட்டியை அணைத்தது மிகச் சரியான செயல். கடையில் சொன்னதை எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். பெட்டி கேட்கும் ‘ஆம்’ என்பது பழையதைச் சீராக்குவதற்கான ‘ஆம்’ அல்ல. புதிய தொகுதி ஒன்றை உருவாக்குவதற்கான ‘ஆம்’. அதற்குச் சம்மதித்தால், எந்தத் தட்டு எந்த வரிசையில் இருந்தது என்ற குறிப்புகள் அழிந்து, அவற்றின்மேல் புதிய கோப்பு முறைமை எழுதப்படும். இப்போது மீட்கக்கூடியதாக இருப்பது அதன்பின் மீட்க முடியாததாகிவிடலாம்.

ரெய்ட் 5 எப்படி இயங்குகிறது என்பது புரிந்தால் உங்கள் நிலைமையும் புரியும். நான்கு தட்டுகளில் மூன்றின் அளவுக்குத் தரவு இருக்கும்; நான்காவது பங்கு அந்த மூன்றையும் கூட்டிப் பார்த்த சரிபார்ப்பு. அதைப் பாரிட்டி என்கிறார்கள். அது ஒரே தட்டில் இல்லாமல் நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். ஒரு சமன்பாட்டில் தெரியாத எண் ஒன்றென்றால் கண்டுபிடிக்கலாம், இரண்டென்றால் முடியாது என்று மாணவர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது தட்டு விலகியபோது உங்கள் பெட்டியில் தெரியாத எண் ஒன்று. வெள்ளி இரவில் அது இரண்டாகிவிட்டது. ஆனால் பெட்டி ஒரு தட்டை வெளியே தள்ளிவிட்டது என்பதற்காக அந்தத் தட்டு முற்றாகச் செத்துவிட்டது என்று பொருளில்லை. சில இடங்களை வாசிக்க முடியாமல் தாமதித்தாலோ, மின்சாரம் போய்வந்தபோது விழித்தெழப் பிந்தினாலோகூடப் பெட்டி அதை ஒதுக்கிவிடும். உங்கள் நம்பிக்கை இங்கேதான் இருக்கிறது.

தட்டுகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் 1, 2, 3, 4 என எழுதி, அந்த இடத்தைப் படமும் எடுத்து வையுங்கள். பின்னர் லினக்ஸ் உள்ள பென் டிரைவால் தொடங்கிய ஒரு மேசைக்கணினியில், ஒரு தடவைக்கு ஒரு தட்டை மட்டும் சாட்டா கம்பியில் நேரடியாக இணைத்து, வாசிக்க மட்டும் என்ற நிலையில் வைத்து, ஸ்மார்ட் அறிக்கையையும் (தட்டு தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு), லினக்ஸில் ரெய்ட் தொகுதிகளைக் கையாளும் எம்டி-ஆட்ம் கருவி காட்டும் நிகழ்வு எண்ணையும் குறித்துத் தாருங்கள். ஒற்றைத் தட்டைக் கொண்டு இந்தத் தொகுதி தானாக இயங்கத் தொடங்காது என்பதால், ஒவ்வொன்றாக இணைப்பதே பாதுகாப்பு.

மறுமொழி: மட்டக்களப்பு

பழுதான தட்டைப் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் சிறிது நேரம் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முயன்று பார்க்கலாமா?

மறுமொழி: கிண்ணியா

தயவுசெய்து வேண்டாம். நம்முடைய கரையோர ஈரப்பதத்தில் குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர்த்துளி படியும். வாசிப்புத் தலை தட்டின் பரப்பிலிருந்து மயிரிழையிலும் மிகக் குறைந்த தூரத்தில் மிதப்பது. அங்கே ஒரு துளி ஈரம் போதும். தட்டு டிக் டிக் என்று தட்டும் ஓசை எழுப்பினால் உடனே மின்சாரத்தை நிறுத்தித் தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் கொடுப்பதொன்றே வழி.

கேள்வி கேட்டவர்: உவர்மலை

நானா, நன்றி. முன்னாள் மாணவர் ஒருவரின் உதவியுடன் நான்கையும் பார்த்தோம். எதிலும் தட்டும் ஓசை இல்லை. 1, 3 இரண்டிலும் குறையில்லை. நிகழ்வு எண் இரண்டிலும் 81412. நான்காவது தட்டில் நிகழ்வு எண் 81397. ஸ்மார்ட் அறிக்கையின் 197ஆவது வரியில், அதாவது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (தட்டின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டுகள்) என்ற இடத்தில் 48 என்று இருக்கிறது. இரண்டாவது தட்டில் நிகழ்வு எண் 63050. ஆனால் வியப்பு என்னவென்றால், அதன் ஸ்மார்ட் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் பழுதுள்ள நான்காவதை விட்டுவிட்டு, நலமாக உள்ள 1, 2, 3 ஆகியவற்றை இணைக்கலாமா?

மறுமொழி: யாழ்ப்பாணம்

இந்த இடத்தில் நான் இடைமறிக்க வேண்டியிருக்கிறது. இணைக்கக் கூடாது. பார்வைக்குச் சரியாகத் தோன்றிப் பலருடைய தரவைக் கெடுத்த வழி இதுதான்.

நிகழ்வு எண் என்பது தொகுதியின் நிலை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு தட்டிலும் கூட்டி எழுதப்படும் ஒரு கணக்கு. தட்டு விலகிய கணத்தில் அதன் கணக்கு நின்றுவிடும். நான்காவது தட்டு மற்றவற்றைவிட 15 மட்டுமே பிந்தியிருக்கிறது. அது வெள்ளி இரவு, கடைசி நேரத்தில் விலகியது. இரண்டாவது தட்டோ ஆறு கிழமைகள் பழையது. இந்தக் காலத்தில் எழுதப்பட்டவை 1, 3, 4 ஆகியவற்றில் மட்டுமே உள்ளன. நேற்றைய பக்கமும் ஆறு கிழமைக்கு முந்தைய பக்கமும் கலந்து தைத்த பதிவேடுபோலக் கோப்பு முறைமை குழம்பிவிடும். அந்த நிலையில் யாராவது சீராக்கும் கட்டளையை ஓட்டினால், அது குழப்பத்தையே உண்மையென்று எடுத்துக்கொண்டு நல்லவற்றை அழிக்கும். உடல்நலம் குன்றியிருந்தாலும் நான்காவது தட்டுத்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆனால் மூலத் தட்டுகளில் எதையும் செய்யாதீர்கள். முதலில் முழுப்பிரதி எடுங்கள். இரண்டு 10 டெராபைட் தட்டுகள் வாங்கினால் நான்கின் பிம்பக் கோப்புகளும் (தட்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுத்த கோப்புகள்) அடங்கும். மீட்ட கோப்புகளுக்கு வேறொரு 4 டெராபைட் தட்டு வேண்டும். செலவு பெரிது என்பதை அறிவேன், எனினும் இதில் குறுக்குவழி இல்லை. சாதாரணமாக நகலெடுக்கும் கட்டளை வேண்டாம். டிடி-ரெஸ்கியூ கருவியைப் பயன்படுத்துங்கள். முதற் சுற்றில் அது நல்ல இடங்களை எல்லாம் விரைவாக எடுத்துக்கொண்டு, சிக்கும் இடங்களைத் தாண்டிச் செல்லும். அடுத்த சுற்றுகளில்தான் சிக்கிய இடங்களுக்குத் திரும்பும். நோயுற்ற தட்டு எந்த நேரமும் நின்றுவிடக்கூடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். எது எடுக்கப்பட்டது, எது எஞ்சியது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் அது எழுதி வைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்காக யுபிஎஸ் இல்லாமல் தொடங்கிவிடாதீர்கள். நான்காவது தட்டை முதலில் எடுங்கள். நல்ல தட்டென்றால் விநாடிக்கு 120 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நான்காவது எவ்வளவு எடுத்தாலும் பொறுத்திருங்கள், மின்விசிறி ஒன்றை அதன்மேல் வையுங்கள். இரண்டாவது தட்டையும் பிரதி எடுக்கத் தவற வேண்டாம். காரணம் பின்னர் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்: உவர்மலை

ஐயா, ஐந்து நாட்களின் பின் எழுதுகிறேன். 1, 2, 3 மூன்றும் பிழையின்றிப் பிரதியாகின. நான்காவது இரண்டு நாள் எடுத்தது. மூன்று மறுமுயற்சிகளுக்குப் பின் வாசிக்க முடியாமல் எஞ்சியது 24,576 பைட் மட்டுமே. 4,096 பைட் அளவில் ஆறு துண்டுகள், வெவ்வேறு இடங்களில்.

மறுமொழி: யாழ்ப்பாணம்

4 டெராபைட்டில் ஆறு சிறு துண்டுகள். நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். மூலத் தட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொதியோடு மூடி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது தட்டின் பிரதி இப்போதுதான் பயன்படப் போகிறது. அதைத் தொகுதியில் சேர்க்கக் கூடாது என்றேன். ஆனால் உங்களுடையது ஆவணக் காப்பகம், எழுதியவற்றைத் திரும்ப மாற்றுவது அரிது. ஆகவே இந்த ஆறு துண்டுகள் உள்ள வரிகளில் (நான்கு தட்டுகளிலும் ஒரே இடத்தில் அமைந்து, ஒரே பாரிட்டிக் கணக்கில் சேரும் துண்டுகளே ஒரு வரி) பெரும்பாலானவை ஆறு கிழமைகளாகத் தொடப்படாமலே இருந்திருக்கும். அப்படித் தொடப்படாத வரியில், 1, 2, 3 ஆகியவற்றின் அதே இடத்துப் பைட்டுகளை எக்ஸ்ஓஆர் (பாரிட்டியை எழுதப் பயன்படும் அதே கணக்கு) செய்தால் நான்காவதில் இழந்த துண்டு அப்படியே கிடைக்கும். தொடப்பட்டதா இல்லையா என்று சோதிக்க, இழந்த துண்டின் இரு பக்கத்திலும் நான்காவது தட்டில் நன்றாக வாசிக்கப்பட்ட செக்டர்களை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை பொருந்தினால் இழந்த துண்டையும் நம்பி நிரப்பலாம். பொருந்தாவிட்டால் அந்த வரி பின்னர் எழுதப்பட்டது, விட்டுவிடுங்கள். நிரப்பும் முன் நான்காவது பிம்பத்தின் வரைபடக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

அதன்பின் பிம்பங்களின்மேல் மேலடுக்கு ஒன்றை அமையுங்கள். எழுதப்படுவதெல்லாம் அந்த அடுக்கில் தங்கும், பிம்பம் மாறாது. பிழைத்தால் அடுக்கை எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். 1, 3, 4 மூன்றை மட்டும் கட்டாய இணைப்பு விருப்பத்துடன் அசெம்பிள் செய்யுங்கள். ‘கிரியேட்’ என்ற, புதிய தொகுதி உருவாக்கும் கட்டளையைத் தொடவே வேண்டாம். தரவு தொடங்கும் இடமோ தட்டுகளின் வரிசையோ சிறிது மாறினாலும் எல்லாம் பிறழ்ந்துவிடும். பின்னர் எல்விஎம் அடுக்கை (தொகுதியின்மேல் சேமிப்பிடத்தைப் பிரித்துத் தரும் அடுக்கு) எழுப்பி, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை வாசிக்க மட்டும் என்ற நிலையில், ஜேர்னலை (எழுதி முடியாத மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டாமல் திறந்து, கோப்புகளை வேறு தட்டுக்கு நகலெடுங்கள்.

நிரப்ப முடியாத துண்டு எஞ்சினால், அது எந்தக் கோப்பைப் பாதித்தது என்று அறிய ஒரு வழி உண்டு. அந்த இடத்தில் பூச்சியங்களை வைத்து ஒருதடவை எல்லாக் கோப்புகளுக்கும் சரிபார்ப்புத் தொகை (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் கணக்கெண்) எடுங்கள். பிறகு அதே இடத்தில் வேறு எழுத்துகளை நிரப்பி, அடுக்குகளைப் புதிதாக அமைத்து, மீண்டும் எடுங்கள். தொகை மாறிய கோப்புத்தான் பாதிக்கப்பட்டது. இரண்டாவது தட்டு இல்லாமல் தொகுதி இயங்கும்போது நான்காவதில் உள்ள ஓர் ஓட்டை, கணக்கிட்டுப் பெறும் இரண்டாவதன் தரவையும் கெடுக்கக்கூடும். அதையும் இந்த முறை காட்டிக்கொடுக்கும்.

இனிமேல் அமைக்கும்போது, தட்டு விலகினால் மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள், மாதம் ஒருமுறை முழுத் தொகுதியையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலையை இயக்கி விடுங்கள். நான்காவது தட்டின் 48 செக்டர்கள் ஒரே இரவில் கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யாரும் வாசிக்காத இடங்களில் அவை காத்திருந்திருக்கலாம். ஒரு பிரதி கடற்கரையிலிருந்து தள்ளி, வேறு ஊரில் இருக்கட்டும். உங்கள் பதிவுகளில் பேசியவர்களே அதற்கான காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: உவர்மலை

நானாவுக்கும் ஐயாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு தொகுதி திறந்தது. கோப்புறைகளின் பெயர்களைத் திரையில் கண்டபோது எனக்கும் உதவிய மாணவருக்கும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

ஆறு துண்டுகளில் ஐந்துக்கு அக்கம்பக்கத்துக் கணக்கு அப்படியே பொருந்தியது, அவற்றை நிரப்பினோம். ஆறாவது பொருந்தவில்லை. நீங்கள் சொன்னபடி இருமுறை சரிபார்ப்புத் தொகை எடுத்ததில் ஒரே ஒரு கோப்பு மாறியது. சென்ற மாதம் மூதூரில் பதிந்த, வலைகளின் பெயர்களைப் பற்றிய ஓர் உரையாடல். ஒற்றைத்தட ஒலி, விநாடிக்கு 88,200 பைட். இழப்பு 4,096 பைட். அதாவது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இடத்தில் ஒரு சிறு வெடிப்பொலி கேட்கிறது. ஒரு வலையின் பெயரில் நடு எழுத்து மட்டும் தெளிவில்லை.

மீட்டவற்றின் ஒரு பிரதி நாளை கண்டியில் உள்ள அக்கா வீட்டுக்குப் போகிறது. அந்த உரையாடலில் பேசிய பெரியவர் மூதூரில் நலமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ஒரு பெயரை மட்டும் மறுபடி கேட்டுப் பதிந்து வருவேன்.