புதியவர் முதலில் உட்கார வேண்டிய இடம் எது: ஞாயிற்றுக்கிழமைக் கூடமா, டிரெய்னிங் மோடா?

ஏரிக்கரைவாசி (அல்சூர்)

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மூன்றாம் மாடிக் கூடத்தில் ஞாயிறுதோறும் மதியம் 3 மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடி, இருவர் எதிரெதிரே சண்டையிடும் ஃபைட்டிங் கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடி வருகிறோம் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். சென்ற வாரம் ஒரு புதியவர் இங்கே வந்து, ஃபைட்டிங் கேம் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார். முதல் 100 மணி நேரத்தை வீட்டில் தனியாக டிரெய்னிங் மோடிலும் (பொம்மை எதிராளியோடு பழகும் பகுதி) ரேங்க் மேட்சிலும் (இணையத்தில் தரவரிசைக்கு ஆடும் ஆட்டம்) செலவிட்டுவிட்டு, அதன் பிறகு மனிதர்களைச் சந்திக்குமாறு நண்பர் ஒற்றைப்பொத்தான் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். அந்த யோசனை தலைகீழானது என்று நினைப்பதால் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

போன மாதம் எங்கள் கூடத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். கென் என்ற பாத்திரத்தை வைத்து அவர் போட்ட காம்போக்களை, அதாவது தொடர் அடிகளை, பார்த்து, பல ஆண்டுகளாக ஆடும் நாங்களே வாயடைத்துப் போனோம். ஆனால் எதிராளி இரண்டு ஹடோக்கன் (தூரத்திலிருந்து எறியும் தீப்பந்து) வீசினால் மூன்றாவதற்கு அவர் கட்டாயம் குதிப்பார். எதிரே இருப்பவர், குதித்து வருபவரை அடித்து இறக்கும் ஷோர்யூக்கன் குத்தோடு காத்திருப்பார். ஆறு மேட்ச் இப்படியே போனது. பின்னால் தன் முறைக்காக நின்றிருந்த ஒரு கன்னட நண்பர் பொறுக்க முடியாமல், "ஜம்ப் மாடபேடா குரு" (குதிக்காதே குரு) என்று சத்தம் போட்டார். அதுவரை தான் குதிக்கிறோம் என்பதே அந்த மாணவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எத்தனையோ இரவுகள் தனியாக உட்கார்ந்து பழகியவருக்கு அந்த ஒரு சத்தம் செய்த உதவியை எந்த டிரெய்னிங் மோடும் செய்திருக்காது.

ஒற்றைப்பொத்தான் (எலெக்ட்ரானிக் சிட்டி)

ஏரிக்கரைவாசி அண்ணன் உணர்ச்சியோடு எழுதியிருக்கிறார். நான் கணக்கோடு பதில் எழுத விரும்புகிறேன். உங்கள் கூடத்தில் எட்டுப் பேர், ஒரு டிவி, ஜெயித்தவர் எழுந்திருக்கத் தேவையில்லை என்ற விதி. ஒரு மேட்ச் சராசரியாக இரண்டரை நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரிடமும் தோற்கும் புதியவருக்கு ஏழு மேட்சுக்கு ஒரு முறைதான் பேட் (ஆட்டக் கருவி) கைக்கு வரும். அப்படியானால் மணிக்கு மூன்று அல்லது நான்கு மேட்ச், மூன்று மணி நேரத்தில் பத்து. நான் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வந்து திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். ஆக, ஆறு மணி நேரம் செலவழித்துப் பத்து முறை தோற்றுவிட்டு வீடு திரும்ப வேண்டும். அதே ஆறு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்தால் எண்பது மேட்சாவது ஆடலாம். அதிலும் ரேங்க் முறையில் என்னை ஒத்த திறமை உடையவர்களே எதிரில் வருவார்கள்.

இன்னொன்று. டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடி தாக்குவதற்கு 26 பிரேம் (திரையில் மாறும் படங்கள்) எடுத்துக்கொள்கிறது. வினாடிக்கு 60 பிரேம் என்பதால் அது அரை வினாடிக்கும் குறைவு. கண்ணால் பார்த்துக் கையால் பதில் கொடுக்கப் போதுமான நேரம்தான், ஆனால் பழகியிருக்க வேண்டும். டிரெய்னிங் மோடில் எதிரே நிற்கும் பொம்மைக்கு அந்த அடியைப் பதிவு செய்து, எப்போது வரும் என்று தெரியாதபடி அதை அடிக்க வைத்துவிட்டால், இருபது நிமிடத்தில் கை பழகிவிடும். உங்கள் கூடத்தில் என்ன நடக்கும்? புதியவருக்கு அது தெரியாது என்று கண்டுகொண்டவுடன் எல்லாரும் அதையே அடிப்பார்கள், அவர் பத்து முறையும் சுவரில் மோதி விழுவார். இதற்குப் பெயர் பயிற்சி அன்று.

ஏரிக்கரைவாசி

கணக்கு சரி, ஆனால் பேட் கையில் இல்லாத நேரத்தையெல்லாம் வீண் நேரம் என்று எழுதியதில்தான் பிழை இருக்கிறது. வரிசையில் நிற்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன்னைத் தோற்கடித்தவரை வேறொருவர் எப்படித் தோற்கடிக்கிறார் என்பதை, அதே டிவியில், அடுத்த இரண்டு நிமிடத்திலேயே பார்க்கிறார். ரேங்க் மேட்சில் நம்மைத் தோற்கடித்தவர் பெயரைக்கூடப் படிப்பதற்குள் போய்விடுகிறார்.

தனி அறையில் 100 மணி நேரம் ஆடித்தான் வல்லவராக முடியும் என்றால் லாகூரை எப்படி விளக்குவீர்கள்? 2019-ல் ஒரே ஆண்டில், ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில், ஈவோ ஜப்பானிலும் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் டெக்கன் 7 என்ற கேமின் பட்டத்தை வென்ற அர்ஸ்லான் ஆஷ் லாகூரைச் சேர்ந்தவர். லாஸ் வேகாஸ் இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற, 'நீ' (Knee) என்ற பெயரில் ஆடும் கொரியர், அந்தக் காலத்தில் உலகமே அஞ்சிய ஆட்டக்காரர். ஊரில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆடிப் பழகிய கூட்டத்திலிருந்து வந்தவர்தான் அவரை வீழ்த்தினார். தவிரவும், இணையத்தில் தாமதம் உண்டு, கூடத்தில் கிடையாது.

ஒற்றைப்பொத்தான்

கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உள்ளூர் ஆட்டத்தை ஆதரிக்கும் எல்லாரும் அதைச் சோதிக்காமலே சொல்கிறார்கள். உங்கள் கூடத்தில் இருப்பது சுவரில் மாட்டிய 55 அங்குல டிவி, புகைப்படத்தில் பார்த்தேன். கேம் மோட் போடாத டிவி, படத்தை அழகுபடுத்துகிறேன் என்று ஒவ்வொரு பிரேமையும் பிடித்து வைத்துத் தாமதமாகக் காட்டும். சில டிவிகளில் அது ஐந்தாறு பிரேம் அளவுக்கும் போகும். இணையத்திலோ இன்று ரோல்பேக் நெட்கோட் இருக்கிறது: எதிராளியின் பொத்தான் வந்து சேரும்வரை காத்திராமல், அவர் என்ன செய்வார் என்று இயந்திரம் ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறது, ஊகம் தவறினால் சில பிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்கிறது. ஈவோ போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன்தான் இதற்காக ஜிஜிபிஓ (GGPO) என்ற மென்பொருளை எழுதினார். 2019-ல் அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். இணைப்பு நன்றாக இருந்தால், சென்னைக்காரரோடு ஆடும்போது என் மானிட்டரில் இருக்கும் தாமதம் உங்கள் கூடத்துத் தாமதத்தைவிடக் குறைவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

லாகூரைப் பற்றி: அங்கே ஒருவருக்குக் கிடைத்தது வலுவான பெருங்கூட்டம். உங்களிடம் இருப்பது ஏழு பேர், அவர்களில் மூவர் ஆடுவது ரியூ என்ற ஒரே பாத்திரம். பெருங்கூட்டத்திடம் தோற்றுக் கற்பதும் மூன்று ரியூக்களிடம் தோற்றுக் கற்பதும் ஒன்றாகுமா?

சிவாஜிநகர்ச் சில்லறை

இருவருக்கும் நடுவில் ஒரு வயதானவன் நுழைவதை மன்னிக்கவும். 90-களின் கடைசியில் சிவாஜிநகரில் ஒரு வீடியோ கேம் கடையில்தான் நான் வளர்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-உம் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97-உம் ஓடிக்கொண்டிருக்கும். தோற்றவன் எழுந்து போய் மறுபடி காசு போட வேண்டும் என்பதால் ஒவ்வொரு தோல்வியும் சட்டைப் பையில் உறைத்தது. அதனால் நாங்கள் வெகுவேகமாகக் கற்றோம் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாங்கள் கற்றது என்ன என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. எங்கள் கடையில் த்ரோ போடக் கூடாது. அது விதி அன்று, ஊர் வழக்கம். பிளாக் செய்து, அதாவது அடியைத் தடுத்து, உட்கார்ந்திருப்பவனைப் பிடித்துத் தூக்கி எறிந்தால் கோழை என்பார்கள், சில நாட்களில் கை நீளவும் செய்யும். ஆகவே ஐந்தாறு ஆண்டுகள் நாங்கள் ஆடியது த்ரோ இல்லாத ஒரு ஆட்டம். அடி, பிளாக், த்ரோ என்ற மூன்றும் ஒன்றையொன்று வெல்வதுதான் இந்த விளையாட்டின் எலும்பு என்பது பின்னாளில் வெளியூர்க்காரர் ஒருவரோடு ஆடியபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் என்னை வரிசையாக ஒன்பது முறை தூக்கி எறிந்தார், நான் ஒன்பது முறையும் பிளாக் செய்துகொண்டே இருந்தேன். இப்போது நாம் ஆடும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் த்ரோ 5 பிரேமில் பிடித்துவிடும். பார்த்துத் தப்பிக்க முடியாது, எதிர்பார்த்துத்தான் தப்பிக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பை எங்கள் கடை எங்களுக்குக் கற்றுத்தரவே இல்லை.

கூட்டம் சிறிதாக இருந்தால் அந்தக் கூட்டத்தின் குறைகளும் சேர்ந்தே பாடமாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் ஒற்றைப்பொத்தான் பக்கம்.

மூன்றாம்சுற்று (ஒயிட்ஃபீல்டு)

நான் ஏரிக்கரைவாசி அண்ணன் கூடத்துக்கு நான்கு மாதமாக வருகிறேன். அதற்கு முன் மூன்று வாரம் வீட்டில் தனியாக ஆடினேன். இரண்டும் செய்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் பதினோரு மேட்சும் தோற்றேன். அதில் வருத்தமில்லை. வருத்தம் தந்தவை வேறு இரண்டு. கூடத்திலேயே நன்றாக ஆடுபவர் எனக்கு ஒரு ரவுண்டை விட்டுக்கொடுத்தார்; அவர் நல்ல மனத்தோடுதான் செய்தார், ஆனால் அந்த ரவுண்டில் நான் செய்த எதுவும் சரியா தவறா என்று எனக்குத் தெரியாமலே போனது. அடுத்து, நான் மாடர்ன் கன்ட்ரோலில் ஆடுகிறேன் என்பதை இரண்டு பேர் கேலி செய்தார்கள். அதில் ஹடோக்கன் போன்ற ஸ்பெஷல் அடியை ஒரே பொத்தானில் அடித்தால் அதற்கு ஈடாக 20 சதவீதம் சேதம் குறைகிறது, பெரிய போட்டிகளிலும் அந்த முறைக்கு அனுமதி உண்டு. இருந்தும், "இதெல்லாம் ஆடுவதா" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ரேங்க் மேட்சில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வீட்டிலிருந்தே ஆடுங்கள் என்று ஒரு பெண்ணுக்கு யோசனை சொல்பவர்களை நான் உடனே மறுத்துவிட மாட்டேன்.

அப்படியும் ஏன் தொடர்ந்து வருகிறேன் என்றால், ஐந்தாவது வாரம் என்னைவிட ஒரே ஒரு படி மேலே இருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வல்லவர்கள் சொல்லும் அறிவுரை எனக்குப் புரிவதில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருந்த காலம் அவர்களுக்கே மறந்துவிட்டது. இவரோ மூன்று மாதம் முன்பு இதே இடத்தில் தடுக்கி விழுந்தவர். நான் விழுந்து எழும்போதெல்லாம் ஏதாவது பொத்தானை அழுத்துகிறேன் என்பதைக் கண்டு, "அடுத்த பத்து முறை எழும்போது எதையும் அழுத்தாமல் பிளாக் மட்டும் செய்து பாருங்கள், தோற்றாலும் பரவாயில்லை" என்றார். ரீபிளேயில் ஒவ்வொரு பிரேமையும் நான் அழுத்திய ஒவ்வொரு பொத்தானையும் பார்க்கலாம் என்பது உண்மைதான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்கு அது வரவு செலவுக் கணக்கைக் கையில் கொடுத்தது போலத்தான்.

எனவே என் கேள்வி, வீடா கூடமா என்பதல்ல. கூடத்தில் புதியவர் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதுதான்.

ஏரிக்கரைவாசி

கேலி நடந்தது எனக்குத் தெரியாது, அப்போது வடை வாங்கக் கீழே போயிருந்தேன் என்பது சாக்கு ஆகாது. என் வீட்டில் நடந்தது, மன்னிப்புக் கேட்கிறேன். அந்த இருவரிடமும் பேசுவேன்.

டிவியைப் பற்றிச் சொன்னதற்காக நேற்று இரவு செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். கேம் மோட் அணைந்துதான் கிடந்தது. என் மாமியார் சீரியல் பார்க்க வசதியாக என் மகன் மாற்றியிருக்கிறான். எத்தனை வாரமாக அப்படி இருந்தது என்று யோசிக்கவே கூச்சமாக இருக்கிறது, ஏனெனில் இரண்டு வாரமாக டிரைவ் இம்பாக்டுக்கு நானே பதில் கொடுக்க முடியாமல், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேட்ச் எண்ணிக்கைக்கு மாற்று செய்யலாம். எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய மானிட்டர் ஒன்று வாங்கி, இரண்டாவது இருக்கை போடுகிறேன். அங்கே ஜெயித்தவர் உட்காரும் விதி கிடையாது. புதியவரும் அவருக்கு அடுத்த படியில் இருப்பவரும் முதலில் ஐந்து ஜெயிக்கும்வரை தொடர்ந்து ஆடலாம். விட்டுக்கொடுத்து ஆடுவதும் அங்கே கூடாது. ஆனால் 100 மணி நேரம் தனியாக என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த 100 மணி நேரத்தில் குதிக்கும் பழக்கம் எலும்பில் ஏறிவிடும். பிறகு யார் கத்தினாலும் கால் தரையில் நிற்காது.

ஒற்றைப்பொத்தான்

100 என்பதைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றாம்சுற்று எழுதியதைப் படித்த பிறகு பதினைந்து, இருபது மணி நேரம் போதும் என்று தோன்றுகிறது. பிளாக் செய்ய, குதித்து வருபவரை அடித்து இறக்க, ஒரே ஒரு எளிய காம்போ போடத் தெரிந்துகொண்டு வந்தால், கூடத்தில் கிடைக்கும் அந்தச் சில மேட்சுகள் பயன்படும். அதுவும் இல்லாமல் வருபவருக்கு, பின்னால் நின்று யார் என்ன சொன்னாலும் விளங்காது. பயண நேரத்தைப் பற்றி நான் எழுதியது அப்படியே நிற்கிறது. வாரா வாரம் வர முடியாது. மாதம் ஒரு முறை வந்து, அங்கே காதில் விழுந்ததை மீதி மூன்று வாரம் வீட்டில் பழகுவதே என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவரும்.

கேள்வி கேட்டவர் இதுவரை திரும்பி வரவில்லை என்பதையும் கவனிக்கிறேன். அவர் இந்நேரம் ஆடத் தொடங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

இந்த ஞாயிறு வருகிறேன், என் மானிட்டரையே எடுத்து வருகிறேன்.

ஏரிக்கரைவாசி

மெட்ரோவில் ஹலசூரு நிலையத்தில் இறங்கி அழையுங்கள், மானிட்டரைத் தூக்க ஆள் அனுப்புகிறேன். பேடைக் கேபிளோடு கொண்டு வாருங்கள். போன முறை ஒருவர் பையில் போட்ட வயர்லெஸ் பேட் தானாக அழுந்தி, கடைசி ரவுண்டின் நடுவில் ஆட்டம் நின்றுபோய் அடிதடி வரைக்கும் போனது. காங்கிரஸ் கடலை (மசாலா வேர்க்கடலை) தின்ற கையைக் கழுவாமல் யாரும் பேடைத் தொடக் கூடாது என்பது பழைய விதி.

ஒற்றைப்பொத்தான்

சரி. புதிய இருக்கையில் எனக்கு முதலில் எதிரே உட்காரப் போவது யார்?

சிவாஜிநகர்ச் சில்லறை

நான்தான். த்ரோவையே நம்பி ஆடும் மல்லன் ஜாங்கீஃபோடு.