காரில் மாற்றிய பாகங்களுக்குக் காப்பீடு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் காரில் அலாய் சக்கரங்களும் சஸ்பென்ஷனும் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) மாற்றியிருக்கிறேன். சக்கரத்தின் இடைவெளியில் அந்தச் சிவப்பு ஸ்பிரிங்குகள் தெரிவதைப் பார்த்தாலே மனம் நிறைகிறது. இப்போது பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும்.

மாற்றங்களைத் தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடே மறுக்கப்படலாம் என்பது தெரியும். எதையும் மறைக்கப் போவதில்லை. ரசீதுகளும் படங்களும் கைவசம் இருக்கின்றன.

என் கவலையெல்லாம் மதிப்பீட்டில்தான். விபத்து நேர்ந்தால் இந்தப் பாகங்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்களா? முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைப் பாலிசியில் எழுதி வாங்க முடியுமா? பொருத்திய கூலியும் அதில் சேருமா? உங்களில் யாருக்காவது சஸ்பென்ஷன் மாற்றத்துக்காகப் பிரீமியத்தை உயர்த்தினார்களா? இழப்பீடு கேட்டு வாங்கியவர்கள் அவசியம் எழுதுங்கள். முகவரின் வாய்வார்த்தையை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.