அழைப்புக் குறியில் ‘எஸ்’ எழுத்தை எப்படிச் சொல்வது?

வணக்கம். அமெச்சூர் வானொலிக்குப் புதியவனான என் அழைப்புக் குறி (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) எஃப், எஸ் என்ற எழுத்துகளில் முடிகிறது. ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை வெட்டிவிடும் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. ஆகவே, 1956 முதல் வழக்கிலுள்ள எழுத்துக்கு ஒரு சொல் தரும் பன்னாட்டுப் பட்டியலின்படி ‘ஃபாக்ஸ்ட்ராட், சியர்ரா’ என்றுதான் சொல்கிறேன்; ஆயினும் 20 மீட்டர் அலைவரிசையில் இரைச்சல் மிகும்போது தொலைதூர நிலையங்கள் ‘சியர்ரா’வை மட்டும் தவறவிட்டு மீண்டும் கேட்கின்றன. மூத்தவர்கள் சிலர் ‘சான்டியாகோ’ என்றும், இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சொல்லான ‘சுகர்’ என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். (‘சர்க்கரை’ என்றால் நம்மவர்க்கு மட்டுமே புரியும்!) முதலில் பட்டியல் சொல்லையே கூறி, திரும்பக் கேட்டால் மட்டும் மாற்றுவது முறையா, நெரிசலில் எந்தச் சொல் தெளிவாகச் சென்றடைகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.