390 அட்வென்ச்சருக்குப் புது செயின்: எண்ணூர் ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை தூசி:

வணக்கம் மக்களே. செகண்ட் ஹேண்டில் எடுத்த கேடிஎம் 390 அட்வென்ச்சர், பழைய மாடல், ஓடோமீட்டர் 24 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வீடு தண்டையார்பேட்டை, வேலை மீஞ்சூர் பக்கம், அதனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுதான் தலையெழுத்து. ஞாயிறு வந்தால் பழவேற்காடு, இல்லாவிட்டால் தடா தாண்டி ஏதாவது மண் ரோடு. செயின் இப்போது ஒரு இடத்தில் தொங்குகிறது, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினால் இன்னொரு இடத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. சில லிங்க் மடங்கினால் மடங்கியபடியே இருக்கின்றன. செயினுக்கு லூப் (எண்ணெய் ஸ்ப்ரே) அடித்த மறுநாளே ஓரமெல்லாம் துரு நிறம். பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) பல் ஒரே பக்கமாகக் கொக்கி போல வளைந்திருக்கிறது.

தெருமுனை மெக்கானிக் "பித்தளை செட் போடு தம்பி, பாதி விலைதான்" என்கிறார். ஷோரூமில் கேட்டால் மொத்தமாக மாற்றணும் என்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் ஓ-ரிங், எக்ஸ்-ரிங், 520, 525, தங்கக் கலர், கறுப்புக் கலர் என்று தலை சுற்றுகிறது. செப்டம்பரில் இமாச்சல் மலையில் ஸ்பிட்டி போகத் திட்டம் வேறு. செயின் மட்டும் மாற்றினால் போதுமா? எதை வாங்குவது? வாங்கியதை இந்த உப்புக் காற்றில் எப்படிக் காப்பாற்றுவது?

மூலக்கடை மாமா:

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த செயினுக்கு இனி வைத்தியம் கிடையாது. ஒரு இடம் தொங்கி ஒரு இடம் விறைக்கிறது என்றால் சில லிங்க்கில் மட்டும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் செத்து, உள்ளே இருந்த கிரீஸ் போய், லிங்க்கைக் கோத்திருக்கும் ஆணி (பின்) தேய்ந்து, செயின் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். செயின் நீளுகிறது என்று சொல்வதெல்லாம் இரும்பு இழுபடுவது இல்லை, பின்னும் அதைச் சுற்றியிருக்கும் குழாயான புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுவதுதான். சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். 520 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 15.875 மில்லிமீட்டர். செயினை இழுத்துப் பிடித்து, முதல் பின்னிலிருந்து 21ஆவது பின் வரை நடுவுக்கு நடு அளந்தால் புதுசில் 317.5 வரும். அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் கூடியிருந்தாலே ஒரு சதவீதம் போய்விட்டது, புதுசுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டியதுதான். டேப் இல்லையா, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்க ஓரத்தில் நடு உயரத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள், பாதிப் பல் தெரிந்தால் முடிந்தது.

மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின். வளைந்த பல்லில் புது செயினைப் போட்டால் அந்தப் பல் புது செயினையும் தன் அளவுக்குத் தேய்த்து இழுத்துக்கொள்ளும். இதில் ஷோரூம்காரர்கள் சொல்வது வியாபாரம் இல்லை, உண்மை.

525 எல்லாம் வேண்டாம். முதல் எண் 5 என்றால் பிட்ச், அதாவது இரண்டு பின்னுக்கு நடுவே தூரம், 8இல் 5 அங்குலம், பின்னால் வரும் இரண்டு எண் ரோலர் இருக்கிற அகலம். 520, 525, 530 மூன்றுக்கும் பிட்ச் ஒன்றுதான், அகலம் மட்டும் மாறும். ஆப்பிரிக்கா ட்வின், வி-ஸ்ட்ராம் 650 மாதிரி பெரிய வண்டிக்கு 525. உங்கள் வண்டி இழுக்கிற இழுப்புக்கு 520 தாராளம். அகலம் மாற்றினால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் மாறணும், எடையும் கூடும், பலன் ஒன்றும் இல்லை.

பல் எண்ணிக்கை முன்னால் 15, பின்னால் 45 (15/45) என்றே விடுங்கள். ஸ்பிட்டி போகிறாயே, முன் ஸ்ப்ராக்கெட் 14 பல் போடு என்று யாராவது சொல்வார்கள். மேட்டில் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும், நிஜம்தான். ஆனால் சின்ன வட்டத்தில் செயின் அதிகம் மடங்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே இருக்கிற ரப்பர் ஸ்லைடரையும் சீக்கிரம் தின்னும். தினமும் மீஞ்சூர் போகிற வண்டிக்கு அது தேவையில்லை.

கொருக்குப்பேட்டை கியர்:

மாமா சொன்னதில் எல்லாம் சரி, ஆனால் பித்தளை செட்டை அப்படியே கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டீர்களே. நான் 150 சிசி வண்டியில் வருஷக்கணக்காகப் பித்தளைதான் போடுகிறேன், துரு பிடிக்கவே இல்லை. வாரம் ஒருமுறை 90 நம்பர் கியர் ஆயில் விட்டால் போதும். எக்ஸ்-ரிங் என்று நாலு மடங்கு காசு கொடுத்து வாங்கி, மீன் வண்டித் தண்ணியில் ஊற வைப்பதற்கு இது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் கோபப்படுவீர்கள், பரவாயில்லை.

மூலக்கடை மாமா:

கோபம் எதற்கு. 150 சிசிக்கு அது நன்றாகவே ஓடும். 390இல் பிரச்சினை வேறு. பித்தளை என்பது மேல் முலாம், உள்ளே எஃகுதான், வெளித் தகட்டைத் துருவிலிருந்து அது காக்கும், பின்னுக்குள் கிரீஸைப் பிடித்து வைக்காது. ரிங் இல்லாத செயினில் அந்த வேலையை நீங்கள்தான் ஆயில் விட்டு விட்டுச் செய்ய வேண்டும். மழையிலோ மணலிலோ ஒரு நாள் முழுக்க ஓட்டினால் ஆயில் கழுவிக்கொண்டு போய்விடும், ஸ்பிட்டியில் தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடமாக நாலு கடந்தால் சாயங்காலம் அழுதுகொண்டே எண்ணெய் விடணும். தங்கக் கலருக்கும் இதே கதைதான், அதைப் பார்த்து யாரும் வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியது உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்பது.

ஓ-ரிங் உருண்டையாக இருக்கும். எக்ஸ்-ரிங் குறுக்குவெட்டில் நாலு உதடு, அதனால் குறைவாக அழுத்தியும் நன்றாக அடைக்கும், உரசலும் கொஞ்சம் குறைவு. காசு இருந்தால் எக்ஸ்-ரிங். இல்லாவிட்டால் நல்ல கம்பெனி ஓ-ரிங் போதும், வானம் இடிந்து விழாது. ஜப்பானின் டிஐடி, ஆர்கே, ஈகே, இத்தாலியின் ரெஜினா, கோயம்புத்தூர் ரோலான், நம்ம அம்பத்தூர் டைமண்ட் என்று பெயர் நிறைய. எதை வாங்கினாலும் தகட்டில் பெயரும் அளவும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும், இணைப்பு லிங்க்கோடு நாலு ரிங்கும் ஒரு சின்ன கிரீஸ் பாக்கெட்டும் தனியாக வர வேண்டும். இவை இல்லாமல் பாதி விலையில் கிடைத்தால் ஏன் பாதி விலை என்று யோசியுங்கள்.

எர்ணாவூர் உப்புக்காற்று:

எல்லோரும் கம்பெனியைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் ஏரியாவில் செயினைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை. காசிமேட்டிலிருந்து வருகிற மீன் லாரி வழியெல்லாம் ஐஸ் தண்ணியை ஒழுகவிட்டுக்கொண்டே போகும், அதில் உப்பு. அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல், டேங்கர் லாரி போனால் மாவு மாதிரி பறக்கும். கடல் காற்று இலவசம். அந்தச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் பெரும்பங்கு. பிசுபிசு லூப்பில் ஒட்டியதும் அது உப்புத்தாள் வேலை செய்கிறது. வாரத்துக்கு வாரம் ஸ்ப்ரேயை மேலுக்கு மேல் அடித்தால் செயின் கறுப்புக் களி பிடித்து நிற்கும், பளபளப்பாக இருக்கிறதே என்று நாமும் சந்தோஷப்படுவோம்.

முக்கியமாக ஒன்று, யாரும் சொல்லவில்லை: மண்ணெண்ணெயோ டீசலோ உப்பைக் கரைக்காது. உப்பு தண்ணீரில்தான் போகும். ஆகவே முதலில் சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பழைய பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து அலசணும், அப்புறம்தான் மண்ணெண்ணெய். அந்தத் தண்ணீரும் மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிப் பல வருஷம் ஆகிறது, கரையோரம் பல வீட்டு போரிலும் உப்புக் கரிக்கிறது, அந்தத் தண்ணீரில் வண்டி கழுவினால் துருவை நாமே ஊட்டி வளர்க்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் பக்கம் எண்ணெய்க் கழிவும் வந்ததே, எங்கள் தெருவில் அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே துரு ஏறியிருந்தது. எண்ணெய் பூசியிருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று விட்ட பல வண்டிக்கு மறு மாதமே செயின் மாற்ற வேண்டி வந்தது.

பெட்ரோல் போட்டுக் கழுவாதீர்கள், ரிங் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். கம்பி பிரஷ் ரப்பரைக் கிழிக்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைச் செயின் மேல் நேராக அடிக்க விடாதீர்கள், தண்ணீர் ரிங்கைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைத் தள்ளிவிடும். அந்த கிரீஸ் தொழிற்சாலையில் வைத்தது, திரும்ப வைக்க வழியே இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போதெல்லாம் பெரும்பாடு, கிடைக்காவிட்டால் டீசல், ஆனால் ஊற விடாமல் பனியன் வேஸ்ட்டால் உடனே துடைத்துக் காய வையுங்கள்.

கொருக்குப்பேட்டை கியர்:

சரி, ரிங் விஷயத்தில் மாமாவுக்கு ஒரு மார்க். ஆனால் லூப் விஷயத்தில் 90 நம்பர் ஆயிலை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்ப்ரே கேன் விலைக்கு ஒரு லிட்டர் ஆயிலே கிடைக்கும்.

எர்ணாவூர் உப்புக்காற்று:

விட்டுக்கொடுக்க வேண்டாம் கியர், அதையே நானும் வைத்திருக்கிறேன். ரிங் செயினில் வெளியே விடும் எண்ணெய்க்கு வேலை மூன்றுதான்: ரப்பர் காயாமல் பார்ப்பது, ரோலருக்கும் பல்லுக்கும் நடுவே உரசலைக் குறைப்பது, துருவைத் தடுப்பது. மூன்றையும் கியர் ஆயில் செய்கிறது. வேகத்தில் ரிம்மில் தெறிக்கும், அதுதான் குறை, அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடணும். தூசி ரோட்டுக்கு மெழுகு வகை ஸ்ப்ரே நல்லது, காய்ந்ததும் ஒட்டாது. ஸ்ப்ரே வாங்கினால் டப்பாவில் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எதுவானாலும் ஓட்டி முடித்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாக விட்டு, ராத்திரி முழுக்க நிற்க வைத்து, காலையில் மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். காலையில் அடித்துவிட்டு உடனே ஆபீஸுக்குக் கிளம்பினால் பாதி உங்கள் பேன்ட்டில்தான்.

இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டு, துணியைச் செயினில் பிடித்துத் துடைப்பதைச் சில இடங்களில் பார்க்கிறேன். விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போவதற்கு அரை நொடி போதும். நியூட்ரலில் போட்டு, சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உங்கள் வண்டியோடு சென்டர் ஸ்டாண்ட் வருவதில்லை, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிவிடுங்கள், இதற்குச் செய்கிற செலவு வீண் போகாது.

மூலக்கடை மாமா:

செயின் எவ்வளவு தொங்கலாம் என்கிற லூஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அட்வென்ச்சர் வண்டிக்காரர்கள் இதில்தான் செயினைக் கெடுக்கிறார்கள். பின் சஸ்பென்ஷன் நீளமாக இறங்கி ஏறும் வண்டியில் செயின் எப்போதும் ஒரே அளவு விறைப்பாக இருக்காது. முன் ஸ்ப்ராக்கெட் நடு, ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் உச்ச விறைப்பு. பெட்டி கட்டி, பின்னால் ஆள் உட்கார்ந்து, ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த நிலை வரும். ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்து "தொங்குதே" என்று டைட் வைத்தால், பள்ளத்தில் செயின் கம்பியாக இழுபட்டு கியர்பாக்ஸ் வெளித் தண்டின் பேரிங்கையும் சீலையும் தின்னும். பேரிங் வேலைக்கு இன்ஜினைத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் செயின் விலையெல்லாம் சில்லறை. மேனுவலில் எந்த இடத்தில் எவ்வளவு என்று போட்டிருக்கும், அதன்படி வையுங்கள். செயினின் மிக விறைப்பான இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே அளவெடுங்கள். சந்தேகம் வந்தால் லூஸ் பக்கம் சாயுங்கள்.

ஸ்விங் ஆர்மில் இருக்கும் அளவுக் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவிலிருந்து ஆக்ஸில் நடு வரை டேப் வைத்து ஒத்துப் பாருங்கள். புது செயின் போட்ட சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை லூஸ் பாருங்கள், முதலில் கொஞ்சம் உட்காரும்.

தண்டையார்பேட்டை தூசி:

மாமா, எர்ணாவூர் அண்ணே, கியர், எல்லோருக்கும் நன்றி. எங்கள் போர் தண்ணீரும் உப்புதான், அதில்தான் வாரா வாரம் கழுவுகிறேன், இப்போது புரிகிறது. 520 எக்ஸ்-ரிங், 15/45 ஸ்டீல் ஸ்ப்ராக்கெட் என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: செயினை இணைக்க, பின் தலையை அடித்து விரிக்கும் ரிவெட் லிங்க்கா, கழற்றி மாட்டும் கிளிப் லாக்கா? ஸ்பிட்டியில் வழியில் அறுந்தால் ரிவெட்டை யார் அடிப்பார்கள்?

மூலக்கடை மாமா:

வண்டியில் ரிவெட், பையில் கிளிப். ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி முடிக்கிறேன் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், அதற்கென்று டூல் இருக்கிறது. ரிவெட் பின்னின் தலை எவ்வளவு விரிய வேண்டும் என்று செயின் கம்பெனி அளவு கொடுத்திருக்கும், வெர்னியரில் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் விரித்தால் தலை விண்டுவிடும், குறைந்தால் தகடு கழன்று வரும். ஸ்பிட்டிக்கு அதே செயினுக்கான கிளிப் லிங்க் ஒன்று, சின்ன செயின் கட்டர் ஒன்று, மாற்று ரிங் நாலு, எல்லாம் ஒரு டப்பாவில். வேறு கம்பெனி லிங்க் சேராது, செயின் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். கிளிப் போடும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கணும், வாய் திறந்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் கல் பட்டு வாய் விரிந்து கிளிப் பறந்துவிடும்.

கொருக்குப்பேட்டை கியர்:

கழற்றிய பழைய செயினை எடைக்குப் போட்டுவிடாதீங்க, எனக்கு வேணும். கேட் பூட்ட.