நிலவுக்குப் போகவே இல்லை என்று நம்புகிறவர்கள் யார்?

வட்டக்கண்ணாடி:
1969-ல் அப்போலோ 11 இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டூடியோ படம் என்று இன்னமும் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. என்னைக் கேட்டால் அறிவியல் வகுப்பில் தூங்கியவர்கள், வேறென்ன?

மேகமூட்டம்:
அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள் தம்பி. இதை அமெரிக்காவில் கிளப்பிவிட்ட பில் கேசிங், அப்போலோ ராக்கெட்டுக்கு எஞ்சின் செய்த ராக்கெட்டைன் கம்பெனியிலேயே 1963 வரை ஆவணம் எழுதும் வேலை பார்த்தவர். 1976-ல் சொந்தச் செலவில் புத்தகம் போட்டார். வருஷத்தைக் கவனியுங்கள். வியட்நாம் போரில் அரசு மறைத்தது 1971-லேயே அம்பலம், எதிர்க்கட்சி அலுவலகத்தை ஒட்டுக்கேட்ட வாட்டர்கேட் ஊழலில் மாட்டிக்கொண்டு 1974-ல் அதிபர் நிக்சன் பதவி விலகியாயிற்று. நிலவில் நின்றவர்களுக்குப் போன் போட்டுப் பேசியவரும் அதே நிக்சன்தான்! அவர் புளுகுணி என்று தெரிந்தபிறகு அந்தப் போன் மேலும் சந்தேகம் வராதா?

வட்டக்கண்ணாடி:
வரட்டும் அண்ணே, வந்தால் விசாரிக்க வேண்டாமா? கொடி காற்றில் ஆடுகிறது என்கிறார்கள். கொடியின் மேல்விளிம்பில் குறுக்கே ஒரு கம்பி, அது முழுசாக நீளாமல் சிக்கிக்கொண்டதால் துணி சுருங்கி நின்றது, அவ்வளவுதான். எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் அதே படத்தோடு வந்து நிற்கிறார்கள்.

ஒற்றையடிப்பாதை:
நானும் அந்தக் கூட்டம்தான், திட்டிக்கொள்ளுங்கள். நேரடி ஒளிபரப்பின் மூல டேப்புகளை அழித்து வேறு பதிவுக்குப் பயன்படுத்திவிட்டது போலிருக்கிறது என்று 2009-ல் நாசாவே சொன்னது. கல்யாண கேசட்டைக்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

மேகமூட்டம்:
இது நியாயமான கேள்வி. ஆனால் ஆறு பயணத்தில் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும்? அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசர் அடித்தால் இன்றைக்கும் ஒளி திரும்பி வருகிறதே?

ஒற்றையடிப்பாதை:
கண்ணாடி வைக்க ஆள் எதற்கு? ரஷ்யா லூனோகோத் வண்டியில் பொருத்தி அனுப்பியதே.

வட்டக்கண்ணாடி:
ஆமாம், அந்தப் போட்டியில் தோற்ற ரஷ்யாதான். பொய்யென்றால் முதல் ஆளாக ஊரைக் கூட்டியிருக்காதா?

ஒற்றையடிப்பாதை:
இரண்டு பேரும் உள்ளுக்குள் கூட்டு என்றால்?

மேகமூட்டம்:
பாருங்கள் தம்பி, இதைத்தான் சொல்ல வந்தேன். இது படிப்புச் சமாச்சாரமே இல்லை. மேலே இருப்பவன் எவனையும் நம்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால், எதிரி சொல்லும் சாட்சியும் கூட்டுச்சதியாகிவிடும். ஒற்றையடி, கோபிக்காமல் சொல்லுங்கள், அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டது யார்?

ஒற்றையடிப்பாதை:
அது பெரிய கதை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.