பழைய மைவி டைமிங் செயின் டென்ஷனர்: சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் யார் நன்றாகச் செய்வார்கள்?

அண்ணன்மார்களே, வணக்கம். அப்பாவின் கார் 2007 பெரோடுவா மைவி 1.3. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கவாட்டில் செயின் கடகடவென்று அடிக்கும், ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கிவிடும். இப்போது சூடான பிறகும் கேட்கிறது. ஆயில் மாற்றியாகிவிட்டது, அளவும் சரி.

டென்ஷனரை (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. செயினே நீண்டிருந்தால் புது டென்ஷனர் எத்தனை நாள் தாங்கும்? செயினை மூடியிருக்கும் கவரைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. கழற்றியதும் செயின், அது ஓடும் கைடு, ஸ்புரோக்கெட் (பல்சக்கரம்) எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். செயின் பல் தாண்டினால் டைமிங் தப்பி இன்ஜினுக்கே ஆபத்து. அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் இந்தக் காரில்தான்.

இந்த வேலை செய்த பெங்கில் (கார் பட்டறை) தெரிந்தால் சொல்லுங்கள். கூலியோடு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) ஆனது? ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களிலிருந்து கழற்றிய பாகங்களை விற்கும் கடை) கிடைக்கும் டென்ஷனரை நம்பலாமா, ஒரிஜினல் செட்டே வாங்கட்டுமா?