பிள்ளை இல்லை, பெண்கள் மூன்று

தொடங்கியவர், கானாடுகாத்தான்

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வந்த ஆசிரியை பொள்ளாச்சிக்காரர். ஆத்தாவிடம் (அம்மாவிடம்), "பையன்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டார். கேள்வி ஆத்தாவுக்கு, பதில் சொன்னது முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பச்சி (அப்பா): "பிள்ளை இல்லை. பெண்கள் மூன்று."

கொங்குப் பக்கம் பிள்ளை என்றால் பெண். செட்டிநாட்டு நகரத்தாரான எங்களுக்கோ பிள்ளை என்றால் ஆண். காபி கொண்டுபோன என்னையும் கதவோரம் நின்ற தங்கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆசிரியை பேனாவை எடுக்கவே இல்லை. ஆத்தாதான் சிரித்துக்கொண்டே புரியவைத்தது.

அப்பச்சி அதை வருத்தமாகச் சொல்லவில்லை, ஊர்க் கணக்கைச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்தெடுத்தார்கள். விலாசம், அதாவது குடும்பப் பெயர், நிற்க வேண்டுமே! நாங்கள் மூவரும் கல்யாணமாகிக் கணவர் வீட்டுக் கோயில் கணக்கில் சேர்ந்துவிட்டோம். உங்கள் வீடுகளில் இப்படி ஒரு சொல் இருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டைக்காரர்

நீங்களே 'ஆத்தா புரியவைத்தது' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? அப்பச்சி மட்டும் 'சொன்னார்'!

என் மகன் ஆறாம் வகுப்பில் தாத்தா பாட்டியைப் பற்றி 'ஐயா வந்தார், அப்பத்தா வந்தது' என்று எழுதி, சிவப்பு மை வாங்கி வந்தான். ஆசிரியர் சொன்னது சரியே. மக்களைச் சுட்டுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியமே வகுத்துவிட்டது. 'வந்தது' அஃறிணை முடிவு. ஆனால் 'குழந்தை அழுதது' என்று எழுதினால் யாரும் திருத்துவதில்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் பெண்களும் குழந்தையோடு சேர்ந்துவிட்டார்கள்.

அப்பத்தாவிடமே கேட்டான். 'வந்தாள்' என்றால் அதற்குப் பிடிக்கவில்லை, வேலைக்காரியைச் சொல்வது போலிருக்கிறதாம். 'வந்தார்' என்றால் தாசில்தாரைச் சொல்வது போலிருக்கிறதாம். "எனக்கு 'வந்தது'தான் ஒட்டுகிறது" என்றது. பலரைச் சுட்டிய 'ஆர்' விகுதி ஒருவருக்கு மரியாதையாக மாறியபோது ஐயாவுக்குத் தாராளமாகக் கிடைத்தது. அப்பத்தாவுக்கு அது அந்நியமாகவே நின்றுவிட்டது. அதில் பாசம் இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். அந்தப் பாசம் ஐயாவுக்கு ஏன் வேண்டியிருக்கவில்லை என்று கேட்டேன், உள்ளே போய்விட்டாள். ('சொல்கிறாள்' என்று எழுதிவிட்டேன். அவள் படித்தால் அடுத்த பஞ்சாயத்து இதுதான்.)

பள்ளத்தூர் வாசகர்

எங்கள் ஊரில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். அப்பச்சி தவறிய மறு வருடம் ஆத்தா அரைப்புள்ளி. மனைவியை இழந்த ஆணும் அரைதான், இதில் ஆண் பெண் பேதமே கிடையாது என்று பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கினார். நானும் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த ஆத்தா, "அவர் மறுபடி கல்யாணம் செய்து முழுசாகிவிடுவார்" என்றது.

கோனாபட்டு

நல்லதையும் சொல்லுங்கள். எங்கள் பெண்களை மரியாதையாக அழைக்கும் ஆச்சி என்ற சொல்லின் கனம் வேறெந்த ஊரில் உண்டு? கணவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த காலத்தில் வீட்டுச் சாவிக்கொத்து ஆச்சிகள் இடுப்பில்தான் தொங்கியது.

தொடங்கியவர்

சாவி இருந்தது, ஐயா. கதவில் பொறித்த விலாசம் யாருடையது?

அப்பச்சிக்கு இப்போது 88. போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கூட்டிய தம்பி வெளிநாட்டில். நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பிள்ளை யாராவது கூட இருக்கிறார்களா?" என்று கேட்டார். அப்பச்சி கண்ணைத் திறக்காமலே என் பக்கம் கையைக் காட்டினார்.

"இதோ இருக்கிறதே."